டீச்சரிடம் கேளுங்கள்: அன்றாட ஆங்கிலத்துக்கு எத்தனை சொல் வேண்டும்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. இலக்கணம் வேண்டாம் டீச்சர், பேசுவதற்குச் சொல் வேண்டும் என்கிறார்கள். தக்கலை, குலசேகரம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இது எனக்குப் பிடித்த கேள்வி. ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிடுகிறோம். உங்கள் நோட்டில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் ஒரு பதிலில் சொல்கிறேன்.

கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில் (முந்திரிப்பருப்பு ஆலையில்) வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மகன் பெங்களூரில் இருக்கிறான். மருமகளுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில்தான் பேசுவாள். ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் என்று ஒரு புத்தகம் வாங்கினேன். இரவில் படிப்பது காலையில் மறந்துபோகிறது. எத்தனை சொல் தெரிந்தால் அவளோடு பேச முடியும்?
– வாசகி, கருங்கல்

முதலில் கணக்கு. இங்கிலாந்தில் சி. கே. ஆக்டன் என்பவர் 1930இல் வெறும் 850 சொற்களைத் தேர்ந்தெடுத்து, இவற்றைக் கொண்டே எதையும் சொல்லிவிடலாம் என்று காட்டினார். டாக்காவில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 2000 சொற்கள் உண்டு. ஒருவர் நாள் முழுக்கப் பேசுவதில் பெரும்பகுதி இந்த இரண்டாயிரத்துக்குள் அடங்கிவிடும். மருமகளிடம் சாப்பிட்டாயா, தூங்கினாயா, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்க அதில் பாதிகூட வேண்டாம்.

அந்தப் பாதியிலும் ஒரு பங்கு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. பருப்பைத் தரம் பிரிக்கும்போது ஹோல், ஸ்ப்ளிட், பீசஸ் என்றுதானே பிரிக்கிறீர்கள்? டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று பெட்டியில் எழுதுவார்கள். டபிள்யூ என்பது ஒயிட்டின் முதல் எழுத்து. எண், ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, அதிகபட்சம் எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பது. இந்தச் சொற்களை ஆலை வாசலோடு விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஹோல் என்றால் முழுசு. 'ஐ வொர்க்ட் த ஹோல் டே' என்றால் நாள் முழுக்க வேலை பார்த்தேன். 'த ஹோல் ஃபேமிலி இஸ் ஹியர்' என்றால் குடும்பமே இங்கே இருக்கிறது. பருப்பின் தோலை உரிப்பது பீல். வெங்காயம் உரிப்பதும் பீல், ஏத்தன்பழம் உரிப்பதும் பீல். வறுப்பது ரோஸ்ட், காயவைப்பது ட்ரை. துணியைக் காயப்போடவும் அதே ட்ரைதான். ஆலையில் பழகிய ஐந்தாறு சொல்லிலிருந்தே இருபது முப்பது வாக்கியம் பிறக்கும்.

மறதிக்கு வருவோம். அது உங்கள் வயதின் குறை இல்லை. ஹெர்மான் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் எழுதினார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகம். அதற்குப் பிறகு மெதுவாகிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால் மறதி தள்ளிப்போகிறது. ஒரே இரவில் ஐம்பது சொல் படிப்பதைவிட, ஐந்து சொல்லைப் பல நாள் பார்ப்பதுதான் நிற்கும்.

இதற்கு ஒரு எளிய வழியை செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பினார். வீட்டில் பழைய கல்யாண அழைப்பிதழ்கள் கிடக்குமே, அவற்றைச் சின்ன அட்டைகளாக வெட்டுங்கள். ஒரு பக்கம் தமிழில் ஒரு வாக்கியம், பின்பக்கம் அதற்கான ஆங்கில வாக்கியம். தனிச் சொல்லை எழுதாதீர்கள், வாக்கியமாகவே எழுதுங்கள். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை மூன்று அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள். முதல் அறை தினமும் பார்க்க, இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரத்துக்கு ஒருமுறை. தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். சரியாக வந்தால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும்.

எந்த வாக்கியத்தை எழுதுவது? அந்தப் புத்தகம் வேண்டாம். அதில் அகரவரிசையில் வரும் சொல்லுக்கும் உங்கள் நாளுக்கும் சம்பந்தமில்லை. காலையில் எழுந்ததிலிருந்து நீங்கள் செய்வதைச் சொல்லுங்கள். தேங்காய் துருவுவது க்ரேட், அரிசி ஊறப்போடுவது சோக், கஞ்சி வடிப்பது ட்ரெயின், மாவு பிசைவது நீட், சம்மந்தி அரைப்பது க்ரைண்ட். பொருளின் பெயரைவிட வினைச்சொல் முக்கியம். மரச்சீனிக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் 'திஸ்' என்று கையால் காட்டிவிடலாம். (கிழங்கு கசாவா, அதன் மாவில் செய்வது டாப்பியோகா. நம் பக்கம் இரண்டையும் டாப்பியோகா என்றே சொல்கிறோம்.) ஆனால் உரி, ஊறவை, அரை என்பதைக் கையால் காட்டிக்கொண்டே இருக்க முடியாது.

இன்னும் ஒன்று. மருமகள் வந்திருக்கும்போது அடுக்களையில் ஒரு வாக்கியத்தை மட்டும் விடாமல் கேளுங்கள்: 'வாட் டூ யூ கால் திஸ் இன் இங்கிலிஷ்?' அவள் பதில் சொன்னதும் தமிழில் அதற்கு என்ன பெயர் என்று நீங்கள் சொல்லிக்கொடுங்கள். ஒரு பெண் மட்டும் மாணவியாக இருந்தால் கூச்சம் வரும். இரண்டு பேரும் மாணவிகள் என்றால் வராது.

துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். எனக்கு மீன் தெரியும், ஆங்கிலப் பெயர் தெரியாது. இன்டர்வியூ வீடியோ காலில் நடக்குமாம்.
– வாசகர், குளச்சல்

தம்பி, பாதி வேலை தெரிந்தவர் நீங்கள். சாளை சார்டீன். அயலை மேக்கரல். சூரை ட்யூனா. நெத்திலி ஆன்ச்சவி. வாளை ரிப்பன்ஃபிஷ். திருக்கை ரே, சுறா ஷார்க். நெய்மீனை நம் ஏற்றுமதிக்காரர்கள் சீர் ஃபிஷ் என்பார்கள், வளைகுடாவில் கிங்ஃபிஷ் என்று கேட்பார்கள். இரண்டையும் தெரிந்து வையுங்கள். கணவாயில் கவனம்: உள்ளே ஓடு உள்ளது கட்டில்ஃபிஷ், மெலிந்த ஊசிக்கணவாய் ஸ்க்விட். இறாலைச் சிலர் ப்ரான் என்பார்கள், சிலர் ஷ்ரிம்ப் என்பார்கள். சிங்கி இறால் லாப்ஸ்டர்.

பெயரைவிட வெட்டும் சொற்களில்தான் வேலை. செதில் எடுப்பது ஸ்கேல், குடல் எடுப்பது கட் (ஜி-யில் தொடங்குவது; வெட்டுவதற்கான கட் சி-யில் தொடங்கும்), முள் நீக்கிச் சதையை மட்டும் எடுப்பது ஃபில்லெட், துண்டு போடுவது ஸ்லைஸ், அலசுவது ரின்ஸ். கவுன்டரில் நிற்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் நாலே நாலு. 'ஹவ் வுட் யூ லைக் இட் கட்?' எப்படி வெட்டட்டும்? 'ஹெட் ஆன் ஆர் ஹெட் ஆஃப்?' தலையோடா, தலை இல்லாமலா? 'தின் ஆர் திக் ஸ்லைசஸ்?' மெல்லிசாகவா, கனமாகவா? 'எனிதிங் எல்ஸ்?' வேறு ஏதாவது வேண்டுமா? இந்த நாலையும் அதிகாலையில் துறைமுகத்தில் மீன் இறங்கும்போது உங்களோடு நிற்கும் கூட்டாளியிடம் சொல்லிப் பாருங்கள். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். இன்டர்வியூவில் கேட்பது மனப்பாடப் பதில் இல்லை. எதிரில் இருப்பவர் சொன்னதைப் புரிந்து திருப்பிச் சொல்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். 'யூ வான்ட் டூ கிலோஸ், தின் ஸ்லைசஸ், ஹெட் ஆஃப். ரைட்?' என்று உறுதிப்படுத்திக் கேட்கப் பழகிவிட்டால் போதும்.

டிரைவர் வேலைக்கு வெளிநாடு போகிறேன். எங்கள் பேச்சில் இருக்கும் ஆங்கிலச் சொற்கள் அங்கே செல்லுமா?
– வாசகர், அருமனை

எல்லாம் செல்லாது. ஸ்டெப்னி என்று கேட்டால் பலருக்கும் புரியாது. 'ஸ்பேர் வீல்' அல்லது 'ஸ்பேர் டயர்' என்று சொல்லுங்கள். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் தயாரித்தார்கள். அந்தத் தெருப் பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. டிக்கி என்பதை பிரிட்டிஷ்காரர் 'பூட்' என்பார், அமெரிக்கர் 'ட்ரங்க்' என்பார். பெட்ரோல் பங்க் 'பெட்ரோல் ஸ்டேஷன்'. டூவீலர் 'மோட்டார்பைக்' அல்லது 'ஸ்கூட்டர்'. ஹோட்டல் என்றால் தங்கும் இடம் மட்டும், சாப்பிடும் இடம் 'ரெஸ்டாரன்ட்'. பார்சல் சாப்பாடு 'டேக்அவே'. கரன்ட் போச்சு என்பதற்கு 'தேர் இஸ் எ பவர் கட்'. பஸ்ஸில் இறங்குவது 'கெட் டவுன்' அல்ல, 'கெட் ஆஃப்'. காரில் இறங்குவது 'கெட் அவுட்'.

நம் சொற்கள் தவறானவை என்று நான் சொல்லவில்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டில் 'ஸ்பேர் வீல்' என்றால் ஒர்க்‌ஷாப் பையன் விழிப்பான். ஸ்டெப்னி என்றால் ஓடிப்போய் எடுத்து வருவான். இரண்டு ஊருக்கும் இரண்டு சொல் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். பிரிட்டன் போக ஓ.ஈ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன். மருத்துவச் சொற்கள் எல்லாம் தெரியும். ஆனால் ஸ்பீக்கிங் பயிற்சியில் மார்க் வரவில்லை.
– வாசகி, மார்த்தாண்டம்

மகளே, மருத்துவச் சொற்கள் எல்லாம் தெரிந்திருப்பதே இங்கே இடையூறாக இருக்கலாம். அந்தத் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. பேசுதலில் இரண்டு ரோல்-ப்ளே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிடம். நீங்கள் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி அல்லது உறவினர். நோயாளிக்குப் புரிகிற மாதிரி பேசுகிறீர்களா என்பதை அங்கே பார்க்கிறார்கள். 'எடீமா' என்று சொன்னால் பயந்துவிடுவார், 'ஸ்வெல்லிங்' என்று சொல்லுங்கள். 'ஹைபர்டென்ஷன்' வேண்டாம், 'ஹை ப்ளட் ப்ரெஷர்' போதும். 'நில் பை மவுத்' என்பது கேஸ் ஷீட்டுக்கு. நோயாளியிடம் 'ப்ளீஸ் டோன்ட் ஈட் ஆர் ட்ரிங்க் எனிதிங் பிஃபோர் தி ஆபரேஷன்'.

அடுத்து, நோயாளி சொல்வதைப் பிடிப்பது. உங்கள் வார்டில் பாட்டிமார் வலியை எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். குத்துகிறது, எரிகிறது, கடுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, மரத்துப்போகிறது, பிடித்து இழுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஆள் உண்டு. குத்துவது ஸ்டாபிங், எரிவது பர்னிங், தெறிப்பது த்ராபிங், மரத்துப்போவது நம், இழுப்பது க்ராம்ப். விடாமல் மந்தமாக வலிப்பது டல் ஏக். தொட்டால் வலிப்பது டெண்டர். மரத்த கால் திரும்ப உணர்வு வரும்போது சுருக் சுருக்கென்று இருக்குமே, அது 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'. தமிழில் கேட்ட அன்றே நோட்டில் ஆங்கிலத்தை எழுதிவிடுங்கள். அந்தப் பாட்டியின் முகத்தோடு சேர்ந்து சொல்லும் நிற்கும்.

பிரிட்டனில் 'ஐ ஃபீல் சிக்' என்றால் பெரும்பாலும் குமட்டுகிறது என்று பொருள். உடனே பாத்திரத்தை எடுக்க வேண்டும். 'பூர்லி' என்றால் உடம்பு சரியில்லை. வயதானவர் 'ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்கிறார். காசு கேட்கவில்லை.

நம் ஊர் ஆங்கிலத்தில் இரண்டை விட்டுவிடுங்கள். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2021' என்றால் அங்கே மயங்கி விழுந்தேன் என்று பொருள். 'ஐ க்ராஜுவேட்டட்' அல்லது 'ஐ குவாலிஃபைட்' என்று சொல்லுங்கள். இறந்துபோனவரைப் பற்றி உறவினரிடம் 'எக்ஸ்பயர்ட்' என்று சொல்லவே கூடாது. மருந்துக்கும் பால் பாக்கெட்டுக்கும் வரும் சொல் அது. 'டைட்' அல்லது 'பாஸ்ட் அவே'. அந்த நேரத்தில் ஒரு குடும்பம் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற பொது ஆங்கிலத் தேர்வையும் ஏற்கிறது. ஆனால் வார்டிலேயே வாழ்கிற உங்களுக்கு ஓ.ஈ.டி.தான் பழகிய தரை. பிபிசி லேர்னிங் இங்கிலிஷ் பக்கத்தில் ஆறு நிமிட உரையாடல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பஸ்ஸில் போகும்போது கேளுங்கள். ஒன்றையே மூன்று முறை கேளுங்கள், புதிதாக மூன்று வேண்டாம்.

குழந்தை இங்கிலிஷ் மீடியத்தில் படிக்கிறாள். வீட்டில் நாங்களும் ஆங்கிலத்திலேயே பேச வேண்டும் என்று சொல்கிறார்கள். எங்கள் ஆங்கிலம் சுமார்தான்.
– வாசகர், நாகர்கோவில்

தமிழில் பேசுங்கள். சுமாரான ஆங்கிலத்தில் 'ஈட்', 'கம்', 'சிட்' என்று கட்டளை போட்டுக்கொண்டிருந்தால் குழந்தைக்கு இரண்டு மொழியும் வளராது. ஏன், எப்படி, அதற்குப் பிறகு என்ன ஆச்சு என்று தமிழில் நீளமாகப் பேசும் குழந்தைதான் ஆங்கிலத்திலும் நீளமாகப் பேசும். ராத்திரி ஒரு படக்கதைப் புத்தகத்தைச் சேர்ந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் வாசியுங்கள், போதும்.

கன்னியாகுமரி கடற்கரையில் சங்கு, சிப்பி மாலை விற்கிறேன். வெளிநாட்டுக்காரர் வந்தால் 'குட், சீப்' என்பதற்கு மேல் வாய் வரவில்லை.
– வாசகர், கன்னியாகுமரி

சாமானைப் பற்றிப் பேசுவதற்கு முன் இடத்தைப் பற்றிப் பேசுங்கள். நின்று கேட்பார்கள். 'யூ கேன் சீ த சன்ரைஸ் அண்ட் த சன்செட் ஃப்ரம் திஸ் டவுன்.' வள்ளுவர் சிலை 133 அடி, 2000 ஜனவரி 1இல் திறந்தது. வெளிநாட்டுக்காரர் பலருக்கு அடிக் கணக்கு பிடிபடாது, 'அபௌட் ஃபார்ட்டி மீட்டர்ஸ் டால்' என்று சொல்லுங்கள். ஏன் 133 என்று கேட்டால் 'ஒன் ஃபுட் ஃபார் ஈச் சாப்டர் ஆஃப் ஹிஸ் புக்'. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரம் 38. சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து 95. சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம் 'க்ளாஸ் பிரிட்ஜ்', 77 மீட்டர் நீளம், 'செவன்ட்டி-செவன் மீட்டர்ஸ் லாங்'.

விலை சொல்லும்போது ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் குழம்பும். பதினைந்தில் 'டீன்' என்பதை நீட்டி அழுத்துங்கள், ஐம்பதில் முன்பாதியை அழுத்துங்கள். சந்தேகம் வந்தால் கால்குலேட்டரில் எண்ணைக் காட்டிவிடுங்கள்.

ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்கிறேன். சார் கூடாது என்கிறார். ஏன்?
– மாணவி, திருவட்டாறு

மக்களே, 'பேக்' என்று நோட்டில் எழுதிப் பார். அது பையா, முதுகா, கட்டுவதா, ரொட்டி சுடுவதா? நாலும் அதே இரண்டு எழுத்தில் அடங்கிவிடும். நம் எழுத்து நம் ஒலிகளுக்காக அமைந்தது. ஆங்கில எழுத்தில் எழுதி, ஒலியைச் செல்போன் அகராதியில் அழுத்திக் கேள். எழுத்தை மட்டும் நம்பினால் அங்கேயும் ஏமாற்றம் உண்டு. ரிசீட்டில் 'ப' ஒலி கிடையாது, ஐலண்டில் 'ஸ' கிடையாது, ப்ளமரில் நடுவே எழுதும் 'ப' கிடையாது, கபர்டில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவே கிடையாது.

ஆனால் உனக்கு ஒரு சொத்து இருக்கிறது. கப்பலுக்கு ஷிப், ஆட்டுக்கு ஷீப். இந்த வேறுபாட்டில் எத்தனையோ நாட்டு மாணவர்கள் திணறுகிறார்கள். குறிலும் நெடிலும் ஒன்றாம் வகுப்பிலேயே படித்த உனக்கு அது எளிது. நீ உழைக்க வேண்டியது ஃப, ஸ் போன்ற இடங்களில். 'இஸ்கூல்' என்று முன்னால் ஒரு 'இ' ஒட்டிக்கொள்ளும், அதை வெட்டு.

களியக்காவிளையில் டீக்கடை நடத்துகிறேன். வயது ஐம்பத்தெட்டு. பேரப்பிள்ளைகள் அயர்லாந்தில். இனிமேல் ஆங்கிலம் ஏறுமா?
– வாசகர், களியக்காவிளை

ஏறும். நீங்கள் மலையாளம் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது உங்களுக்கு. பாறசாலையிலிருந்து வருகிறவருக்கு மலையாளம், மார்த்தாண்டத்துக்காரருக்குத் தமிழ் என்று ஒரே பெஞ்சில் இரண்டு பாஷையும் ஓடும் கடை உங்களுடையது. 1956 நவம்பர் 1இல் நம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து, கேரள எல்லை உங்கள் ஊரில் வந்து நின்றது. சந்தைக்கு வந்த மனிதர்கள் நிற்கவில்லை. விலை, அளவு, சுகமா, மழையா என்று தேவைப்பட்ட சொல் முதலில் வந்தது. அதை வைத்துப் பேசப் பேச மற்றது ஒட்டியது. யாரும் தப்பைத் திருத்திச் சிவப்பு மையில் கோடு போடவில்லை. அதே வரிசையில் ஆங்கிலத்தையும் வரவிடுங்கள்.

பேரப்பிள்ளைகளிடம் வீடியோ காலில் ஒவ்வொரு வாரமும் ஒரே ஐந்து கேள்வியைக் கேளுங்கள். 'வாட் டிட் யூ ஈட் டுடே?' 'ஹூ டிட் யூ ப்ளே வித்?' 'இஸ் இட் ரெய்னிங் தேர்?' 'வாட் மேட் யூ லாஃப்?' 'ஷோ மீ யுவர் ட்ராயிங்.' பதிலில் புரியாத சொல் ஒன்றே ஒன்றைப் பிடித்து, 'வாட் டஸ் தட் மீன்?' என்று குழந்தையிடமே கேளுங்கள். தாத்தாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க எந்தக் குழந்தையும் சலிக்காது. அந்தச் சொல்லைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒட்டி வையுங்கள், அடுத்த வாரம் அவர்களிடமே அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிக் காட்டுங்கள். மூன்று மாதம் இப்படிப் பேசிவிட்டு, எது வந்தது, எது வரவில்லை என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.